இழுவளையமும் நான் சொன்ன பொய்யும்

தம்பி,

நீ வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் அறை எடுத்துப் போன நாளிலிருந்து நாங்கள் தொலைபேசியில் கதைப்பதை யாராவது ஒட்டுக்கேட்டால், தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், ஓம் என்கிறாய். மழை பெய்ததா என்று கேட்கிறாய், துமித்தது என்கிறேன். மாடு கன்று போட்டதைப் பற்றி, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் ஏறியதைப் பற்றி, சீனி விலையைப் பற்றிக் கதைக்கிறோம். கதைக்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கதைத்து முடித்து, "சரி அம்மா, வைக்கிறன்" என்று நீ வைத்துவிடுகிறாய். நான் போனைப் பிடித்தபடி குசினிக்குள் நிற்கிறேன்.

ஆகவே எழுதுகிறேன். பெரிய கதை ஒன்றுமில்லை. நீ செய்த சாமானை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை மறைக்க விருந்தாளிகளுக்கு முன்னால் பொய் சொன்னேன். அந்தப் பொய் போய் ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் விழுந்தது. இவ்வளவுதான். இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பாமல் ஏன் பேப்பரில் போடக் கொடுக்கிறேன் என்று நீ யோசிப்பாய். அது என் யோசனை அல்ல, எனக்கு அவ்வளவு தைரியம் எங்கே? யாருடைய யோசனை என்று பிறகு சொல்கிறேன்.

உன் கையிலிருந்து தொடங்குகிறேன். பிறந்ததிலிருந்து அது சும்மா இருந்ததில்லை. என் சேலைத் தலைப்பில் நூல் பிடுங்கும். மேசையில் பெயின்ற் சுரண்டும். மெழுகுதிரியை உருக்கி உருட்டும். முள்ளிவாய்க்கால் மணலில் நாங்கள் ஷெல்லடிக்குப் பயந்து தலையைக் குனிந்து கிடந்தபோதுகூட மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும்தான் நான் உன்னை ஏசவில்லை. திரும்பி வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் ஏச்சும் தொடங்கிவிட்டது. தரம் ஐந்துக்கு நீ என் வகுப்பிலேயே வந்து இருந்தாய். புலமைப்பரிசில் வகுப்பு. "கையைக் கட்டுங்கோ!" என்று நான் ஒரு தரம் சொன்னால் வகுப்பு முழுவதும் கல்லாகிவிடும். கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தால் அதிபர் முதலில் என் வகுப்பைத்தான் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? அத்தனை கைகளுக்கு நடுவில் ஒரு கை மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கும். ரீச்சரின் மகனின் கை! "குரங்குக் கை" என்று பிள்ளைகளுக்கு முன்னால் முதலில் சொன்னது நான்தான். பிறகு வகுப்பே சொன்னது. நீ அதை மறந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

நீ பட்டம் எடுத்து, கழுத்தில் அட்டை தொங்கக் கொழும்பில் வேலைக்குப் போனபோது, அப்பாடா, அந்தக் கைக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன வருடம் வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாய். திறந்து பார்த்தால் உடுப்பைவிட இலாஸ்டிக் நூல்தான் கூட இருந்தது.

"அம்மா, கையில வைச்சு இழுத்து, முறுக்கி, நெரிச்சு விளையாடுற சாமான் ஒண்டு செய்யப்போறன். விட்டா பழையபடி வந்திடோணும். சத்தமும் வரக்கூடாது."

"ஆருக்கு?"

"சின்னாக்களுக்கும்தான், பெரியாக்களுக்கும்தான். கை சும்மா இருக்கேலாத ஆக்களுக்கு."

"பெரியாக்கள் விளையாடுறதோ? நல்ல கூத்து! உனக்கு உதை ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கே வேணும் அம்மா. கூட்டத்தில இருக்கேக்க பேனையைத் திருகிறன், நகத்தைக் கடிக்கிறன், பக்கத்தில இருக்கிறவை பாத்துச் சிரிக்கினம். கைக்கு ஒரு வேலை இருந்தா, ஆக்கள் கதைக்கிறது எனக்கு வடிவா விளங்கும்."

நீ வடிவாகத்தான் சொன்னாய். விளங்க வேண்டியவளுக்குத்தான் விளங்கவில்லை. ரீச்சரின் மகன் கொழும்பு வேலையை உதறிவிட்டு வந்து விளையாட்டுச் சாமான் செய்கிறானாம் என்று சனம் கதைக்கப் போவதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

பிறகு வீடு பட்ட பாட்டைக் கேட்பானேன்! முதலில் பழைய சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டிக் கோர்த்தாய். இழுபட்டது, ஆனால் கையெல்லாம் கரி, வீடெல்லாம் றப்பர் நாற்றம். அப்பாவின் வெள்ளை வேட்டியில் பட்ட கறை இன்னும் போகவில்லை. அடுத்ததாகப் பலூனுக்குள் என் இடியப்ப மாவை அடைத்தாய். பிசைய நல்லாய்த்தான் இருக்கிறது என்று அப்பா சொன்னார், அது அவருடைய மடியில் வெடிக்கும் வரைக்கும். மணி கோர்த்துச் செய்ததை நீயே கழித்துவிட்டாய். சின்னப் பிள்ளை மணியை விழுங்கினால் என்ன செய்வது, கலகலவென்று சத்தம் போட்டால் வகுப்புக்குள் எப்படி வைத்திருப்பது என்று உனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாய். கடைசியில் மெல்லிய றப்பர் தண்டு ஒன்றைச் சுற்றி இலாஸ்டிக் நூலைப் பின்னி, மூட்டு தெரியாமல் பொருத்தி, ஒரு வளையம் செய்தாய். சும்மா இருக்கும்போது காப்பு மாதிரிக் கையில் போட்டுக்கொள்ளலாம். இழுத்தால் முழ நீளத்துக்கு வரும், முறுக்கிப் பிடித்தால் முறுக்கியபடி நிற்கும், விட்டால் சத்தமில்லாமல் சுருங்கிப் பழைய வளையமாகிவிடும். இழுவளையம் என்று நீ பெயர் வைத்தாய். அப்பா மண்புழு என்றார். நான் "அந்தக் கண்றாவி" என்றேன்.

அதன் பலம் பார்க்க நீ செய்த வேலை இருக்கிறதே! மாமரக் கொப்பில் வளையத்தை மாட்டி, கிணற்று வாளியைத் தண்ணீரோடு அதில் தொங்கவிட்டு, எவ்வளவு இழுபட்டது, எவ்வளவு திரும்பிச் சுருங்கியது என்று அடிமட்டம் வைத்து அளப்பாய். றோட்டால் போகிற சனம் சைக்கிளை நிறுத்திப் பார்க்கும். "என்ன ரீச்சர், தம்பி வாளிக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறார்?" என்று கேட்பார்கள். "மாட்டுக்குக் கயிறு பாக்கிறான்" என்று சொல்லுவேன். பார், பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

அப்பாவுக்கு அந்த வெட்கம் கிடையாது. கமக்காரர் கூட்டத்துக்குப் போகும்போது மடியில் ஒன்றைச் செருகிக்கொண்டுதான் போவார். தண்ணீர் முறை வரும் வரைக்கும் வரம்பில் குந்தியிருந்து பீடி மேல் பீடி பற்றவைக்கிற மனிதர், அதை இழுத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார். "பீடி நல்லாக் குறைஞ்சிட்டுது, இஞ்சேரும்" என்று வந்து சொன்னபோது நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். "வயசு போன நேரத்தில உங்களுக்கும் விளையாட்டோ? ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீர் அந்தக் கொடியை உருட்டாமல் ஒரு நிமிசம் இரும் பாப்பம்" என்றார். குனிந்து பார்த்தால் என் விரல்களுக்கு நடுவில் தாலிக்கொடி. கலியாணம் கட்டிய நாளிலிருந்து வகுப்பில், கோயிலில், பஸ்ஸில், கவலையில், கோபத்தில் அதை உருட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பிள்ளைகளைக் கையைக் கட்டச் சொல்லிவிட்டு அவர்களுக்கு முன்னால் நின்று உருட்டியிருக்கிறேன்! நான் கொடியை உருட்டினால் அடக்கமான பொம்பிளை, நீ பொத்தானை உருட்டினால் குரங்குக் கை. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை, குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் முல்லைத்தீவுப் பக்கத்துச் சம்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். சாதகம் பொருந்தியது. பொம்பிளையின் தாய் தகப்பன் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் நான் செய்த முதல் வேலை, உன் மேசையில் இருந்ததையெல்லாம் அரிசிச் சாக்குக்குள் அள்ளிப் போட்டு மாட்டுக்கொட்டிலில் கொண்டுபோய் வைத்தது. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். ஏன் என்று கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாய். "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று தகப்பன் கேட்டார். நீ வாய் திறக்க முன் நான் முந்திக்கொண்டேன். "வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு ஆசுப்பத்திரிச் சாமான் டிசைன் பண்ணிக் குடுக்கிறார். வீட்டில இருந்துதான் வேலை." எவ்வளவு வழுவழுப்பாக வந்தது அந்தப் பொய்!

செற்றியின் மெத்தை இடுக்கில் ஒரு வளையம் தப்பிக் கிடந்திருக்கிறது. பொம்பிளையின் தாய் அதை இழுத்தெடுத்தார். இழுக்க இழுக்க நீண்டது, விட்டதும் சுருங்கியது, பலகாரத் தட்டுக்கு மேலால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன, நல்ல வடிவாயிருக்கு!" அவருக்குப் பிடித்துத்தான் சிரித்தார், தம்பி. அந்த இடத்தில் என் மகன் செய்தது என்று சொல்லியிருந்தால் ஒரு சோலியும் இல்லை. நான் என்ன சொன்னேன்? "ஐயோ, அது பக்கத்து வளவுப் பிள்ளையின்ரை. மூளை கொஞ்சம் சரியில்லாத பிள்ளை. தம்பி பாவம் பாத்துச் செய்து குடுத்தவர்."

அவர் அதைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டார். நீ எழும்பி வந்து, எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, "இது என்ரை. எனக்கெண்டு செய்தனான்" என்றாய். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை, வராது. அது போகட்டும். அன்று பின்னேரம் அப்பா மாட்டுக்கொட்டிலிலிருந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து உன் மேசையில் வைத்தார். "பிள்ளையின்ரை சாமானைக் கொண்டுபோய்ச் சாணிக்குப் பக்கத்தில வைச்சனீரே" என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து வளவுப் பிள்ளை என்று நான் சொன்னது யாரை என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கீர்த்தி, தரம் மூன்றில் படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு காலம் வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். தாய் மல்லிகா எங்கள் வயலிலும் நாற்று நட்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு பழக்கம். படிக்க இருந்தால் கை தன்பாட்டில் போய்ப் புருவ மயிரைப் பிடுங்கும். மல்லிகா எண்ணெய் பூசிப் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். நீ அவளுக்கு ஒரு சின்ன வளையம் செய்து கொடுத்தாய். கொஞ்ச நாளில் புருவம் கறுப்பாக முளைத்து வந்தது. மல்லிகா படலையில் நின்று, "தம்பி கை நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனதை நானும் கேட்டேன். அந்தப் பிள்ளையைத்தான் சொன்னேன். முன் வீட்டு ஓவசியரின் மகளும்தான் நகம் கடிக்கிறாள், அவளைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்த வீட்டைப் பார்த்து என் நாக்குப் போயிருக்கிறது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர்களோடு வந்திருந்த தரகர் போகிற வழியில் சங்கக்கடையில் வாயைத் திறந்துவிட்டார். சில நாளில் மல்லிகா வந்தாள். எப்போதும் படலையில் நின்று கூப்பிடுகிறவள் அன்று முற்றம் வரைக்கும் வந்தாள்.

"டீச்சர், எம் புள்ளைக்கு மூளை சரியில்லைன்னு நீங்க சொன்னீங்களா?"

"ஆர் சொன்னது? நான் அப்பிடிச் சொல்லேல்லை, பிள்ளை. அவை பிழையாய் விளங்கியிருப்பினம்."

"பள்ளிக்கூடத்துல புள்ளைங்க அவளை லூசுன்னு கூப்பிடுதுங்க டீச்சர். இந்த வளையத்தைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுதுங்க." அதை விறாந்தைப் படியில் வைத்தாள். "இனி இது வேணாம். தம்பிகிட்ட சொல்லிருங்க, அவரு மேல ஒரு கோவமும் இல்லை."

திரும்பினால் நீ குசினி வாசலில் நிற்கிறாய். நான் சொன்ன முதல் பொய்யையும் கேட்டவன் நீ, அதை மறைக்கச் சொன்ன இரண்டாவது பொய்யையும் கேட்டவன் நீ. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். நீ ஏசவில்லை. விடியப் பையை எடுத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். வவுனியா பஸ் போன பிறகும் நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை திருப்பித் தந்த வளையம் என்னிடம்தான் இருக்கிறது. பல நாள் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் றேடியோவில் செய்தி போகும்போது கையில் எடுத்தேன். செய்தி முடியும் வரை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், கொடிக்குக் கை போகவில்லை. வடிவாகப் பார்த்தேன். ஓரிடத்தில் நூல் பிரிந்து உள்ளே றப்பர் தெரிகிறது, பல்லின் அடையாளம் இருக்கிறது. கடித்திருக்கிறாள். பெரிய கைக்குச் செய்ததையே அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறாய், சின்னாக்கள் எதையும் வாயில் வைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அவர்களுக்கு வேறு விதமாகப் பின்ன வேண்டும், கடித்தாலும் துண்டு வாய்க்குள் போகாத மாதிரி. எனக்கோ மூட்டு வருத்தத்தில் விரல் மடங்காது, உன் வளையம் எனக்கு இறுக்கம். என்னைப் போல வயது போனவர்களுக்கு இன்னும் இளக்கமாக ஒன்று வேண்டும். இதெல்லாம் நீ வீட்டில் இருக்கும்போது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உன் மேசைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டியவை. எத்தனை பிள்ளைகளின் கையைப் பார்த்தவள் நான், உனக்கு எவ்வளவோ உதவியிருக்கலாம். உதவாமல் சாக்கில் கட்டினேன்.

போன கிழமை ஒழுங்கையில் கீர்த்தியைக் கண்டேன். புருவம் திரும்பவும் மெலிந்துவிட்டது, ஒரு பக்கம் இல்லவே இல்லை. என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்பென்றால் நல்ல வளர்ப்பு என்று மெச்சியிருப்பேன். அன்று அந்தக் கட்டிய கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சாப்பிட்டனீங்களோ பிள்ளை?" என்றேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுதேன்.

பின்னேரம் மல்லிகா வீட்டுக்குப் போனேன். நெல் காயவைத்த படங்கை மடித்துக்கொண்டிருந்தாள். கதிரை எடுத்துப் போட்டாள், நான் இருக்கவில்லை. "நான்தான் பிள்ளை சொன்னனான். பிறகு, சொல்லேல்லை எண்டு உமக்குச் சொன்னதும் பொய். என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். ஒரு பிள்ளையின் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தரம். கேட்டுவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது என்றும் நினைத்தேன், பார் என் புத்தியை. மல்லிகா அழவுமில்லை, ஏசவுமில்லை. படங்கை மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "சொன்னது சபையில. மன்னிப்பு மட்டும் என் வாசல்லயா, டீச்சர்?"

இது ஊர் வாசிக்கும் கடிதமானது அப்படித்தான். இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். அந்த மூளைக் கதையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எடுக்காதீங்க. நீங்க சொன்னதுதானே" என்றாள். பிள்ளை வளையத்தைத் திரும்ப வாங்குவாளா என்று கேட்கத் துணிவு வரவில்லை. அதற்குக் கீர்த்திதான் ஓம் என்று சொல்ல வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் ரீச்சர் வாய், சும்மா இராது. உன் வேலை இன்னதென்று தெரிந்து, அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்க்கிறவளைக் கட்டு. நான் பொய் சொல்லி ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தால் கும்பிட்டு அனுப்பிவிடு. உனக்கொரு பிள்ளை பிறந்து, அதன் கையும் உன் கையைப் போல இருந்தால், என்னிடம் விட்டுவிட்டுப் போக முன் நல்லாய் யோசி. அம்மா திருந்திவிட்டேன் என்று நானே சொன்னால் நம்பாதே. பக்கத்தில் நின்று கொஞ்ச நாள் கவனித்துப் பார்.

நேற்று நீ போனில் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. கீர்த்தியும் படிக்கிற என் பழைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைக்கிறார்கள், புதிதாக வந்த ரீச்சர் ஒருவர் வளையத்தைப் பற்றி வந்து சொல்லச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார் என்றாய். தரம் மூன்றுப் பெற்றோரும் வருவார்களாம். "நீங்கள் வருவியளோ அம்மா? வெக்கமெண்டா வரவேண்டாம்" என்றாய். குத்திக் காட்டிச் சொல்லவில்லை நீ, எனக்குத் தப்ப ஒரு வழி விட்டுத்தான் சொன்னாய். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, தம்பி. உன்னை நினைத்து அல்ல. வருகிறேன். முன் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் போடுகிற கதிரை எனக்கு வேண்டாம். மல்லிகாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்து, அவளும் சம்மதித்தால், அங்கே இருப்பேன். நீ சொல்லி முடித்த பிறகு எழும்பி, அந்தப் பிள்ளையைப் பற்றி நான் சொன்ன வார்த்தையை ஒன்றும் விடாமல் சொல்லி, அது பொய், என்னுடைய பொய் என்று சொல்லுவேன். நடுவில் எனக்குச் சொல் தடுமாறலாம். நான் படிப்பித்த பிள்ளைகள் இப்போது அங்கே தாய் தகப்பனாக இருப்பார்கள், சிரித்தாலும் சிரிப்பார்கள். அப்போது நீ ஓடி வந்து மைக்கை வாங்காதே. அம்மாவுக்கு ஏலாது என்று சொல்லி என்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகாதே. எவ்வளவு நேரம் எடுத்தாலும், நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் என்னை அங்கே நிற்க விடு.

அம்மா